சாலிஸ்பரி, இங்கிலாந்து, தை மாசம்

ஜனவரி 19
இன்றும் அப்பாவைப் பார்க்கப் பெரிய டாக்டர் வரவில்லை. நாளை என்றார்கள். நேற்றும் நாளை என்றுதான் சொன்னார்கள்.

ஜனவரி 20
இரண்டு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குள் விடுவார்கள் என்பதால் டவுன் பாத் என்ற நடைபாதையில் நடந்தேன். ஆறு வருஷத்தில் இந்தப் பாதையில் நூறு தடவையாவது போயிருப்பேன். இரண்டு பக்கமும் புல்வெளி, ஆடு, தூரத்தில் பேராலயக் கோபுரம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இன்று வெயில் சாய்ந்து அடித்ததில் புல்லுக்கடியில் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரிந்தது. ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பா கண்ணாடியைக் கேட்டார். மூன்று நாளில் அவராக வாய் திறந்து கேட்டது அதைத்தான்.

"பார் பிடிச்சிருக்கான். என்ன வெள்ளாமை?"

புல் என்றேன்.

"புல்லுக்காடா?"

ஜனவரி 21
சாப்பிடவில்லை. கை ஜில்லென்று இருக்கிறது.

ஜனவரி 22
ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பாதையோரத்து ஹார்ன்ஹாம் நீர்ப்புல்வெளியைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் போட்ட அமைப்பாம். நாடர் ஆற்றுத் தண்ணீரை மதகில் தடுத்துப் பெரிய வாய்க்காலில் திருப்புகிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பாரின், அதாவது அந்த நீள மேட்டின், முதுகிலும் ஒரு சின்ன வாய்க்கால். அது நிரம்பி இரண்டு பக்கச் சரிவிலும் ஓர் அங்குல உயரத்துக்கு வழிந்து இறங்கி, பள்ளத்து வடிகாலில் சேர்ந்து மறுபடி ஆற்றுக்கே போய்விடுகிறது. தாகத்துக்குப் பாய்ச்சுவதல்ல இது. குளிருக்குப் போர்த்துவது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊறி வருவதால் நடுக்குளிரிலும் தண்ணீர் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்குமாம், வேரில் உறைபனி பிடிக்காது, மற்ற இடத்தில் புல் தலைகாட்டும் முன்பே மார்ச்சில் ஆட்டை இறக்கிவிடலாம். ராத்திரி அதே ஆட்டை மேட்டு வயலுக்கு ஓட்டிக் கிடை போடுவார்கள். எருவெல்லாம் கோதுமைக்கும் பார்லிக்கும். ஏப்ரல் முடிய ஆட்டை எடுத்துவிட்டால் கோடையில் வைக்கோல்புல் அறுப்பு.

கிடை என்றதும் அப்பா தலையை ஆட்டினார். மற்றதெல்லாம் காதில் விழுந்ததா தெரியவில்லை.

ஜனவரி 23
ஸ்கேன் தள்ளிப்போனது. காரணம் கேட்டால் மெஷின் என்கிறார்கள்.

ஜனவரி 25
அப்பாவுக்கு ஒரே சந்தேகம்தான், விடமாட்டேன் என்கிறார். "தண்ணி நிக்காம எப்படிப்பா?" நெல்லுக்கு நிறுத்திப் பழகிய மனுஷன். இங்கே நின்றால் புல் அழுகிப்போகும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வரும்போது பெருநடை, போகும்போது பாய்ச்சல் என்று குதிரையை வைத்து இந்த ஊர்க்காரர்கள் சொலவடையே வைத்திருந்தார்கள் என்றேன். சில நாள் விடுவது, அப்புறம் வடித்துக் காற்றாட விடுவது. இந்த வேலையைப் பார்த்தவருக்கு டிரவுனர் என்று பேர், மூழ்கடிக்கிறவர். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி நர்ஸ் ஓடி வந்து என்னை முறைத்தார்.

ஜனவரி 26
சிரிக்க வைத்திருக்கக் கூடாதோ.

ஜனவரி 28
உறைபனி. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். புல்லெல்லாம் வெள்ளை, வாய்க்காலிலிருந்து மட்டும் ஆவி. கையை விட்டுப் பார்த்தேன், வெளிக்காற்றை விட வெதுவெதுப்பு. நூற்றாண்டுக் கணக்கில் இதை நம்பித்தான் ஒருவன் இந்த இருட்டில் மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறான். அப்புறம் உரமூட்டை வந்தது, கூலி கட்டவில்லை. இந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இப்படி எத்தனையோ தூர்ந்து, உழுது, சமமாகிவிட்டன. இங்கே பாராவது மிஞ்சியிருக்கிறது.

2023இல் யுனெஸ்கோ இந்த மாதிரிப் பாசனத்தை மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று ஏழு நாடுகளின் பேர் வந்தது. இங்கிலாந்து இல்லை. எனக்கென்ன வந்தது, ஆனால் எரிச்சலாக இருந்தது. இந்த வாரம் எல்லாமே எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 29
அப்பாவின் கால் வீக்கம் அப்படியே. தண்ணீரை அளந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், காபி உட்பட.

ஜனவரி 30
"ராத்திரி மடைய யாரு பாக்குறா?"

இப்போது யாரும் பார்ப்பதில்லை அப்பா என்றேன். ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 1
ஸ்கேன் முடிந்தது. ரிசல்ட் திங்கட்கிழமை.

பிப்ரவரி 2
மழை. டவுன் பாத்திலேயே தண்ணீர் ஏறிவிட்டது, பாதி வழியில் திரும்பி வந்தேன். பெரிய மதகில் எத்தனை பலகை என்று எண்ணிக்கொண்டு வர அப்பா சொல்லியிருந்தார். நாளை பூட்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டும்.