முடி மினரல் டெஸ்ட்: நிராகரிக்கப்பட்ட சாம்பிளும் நம்ப முடியாத ரிப்போர்ட்டும்

முடியில் தாதுக்களும் உலோகங்களும் எவ்வளவு என்று அளக்கும் டெஸ்டுக்காக லேபுக்கு நான் அனுப்பிய முடி ‘எடை போதவில்லை’ என்ற ஒற்றை வரிக் குறிப்போடு நிராகரிக்கப்பட்டது. எவ்வளவு எடை வேண்டும் என்று, டெஸ்டுக்கு ஏற்பாடு செய்த ஆலோசனை மையத்தில் பணம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. “கொஞ்சம் முடி போதும்” என்றார்கள், அவ்வளவுதான். கையில் கொடுத்த குறிப்புத் தாளிலும் எடை இல்லை. அந்த எரிச்சல் இன்னும் தீராததால், அடுத்து எடுக்கப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

லேபுக்கு லேப் அளவு மாறும். 125 மில்லிகிராம் கேட்பவர்களும் உண்டு, 250 கேட்பவர்களும் உண்டு. சாதாரணமான ஒரு முடியில் 3 செ.மீ. துண்டின் எடை சுமார் 0.2 மில்லிகிராம்தான். 150 மில்லிகிராம் சேர வேண்டுமானால் பல நூறு முடிகளை வெட்டியாக வேண்டும். குவித்து அளந்தால் ஒரு மேசைக்கரண்டி வரும். சில லேப்கள் அட்டையாலான சின்னத் தராசு ஒன்றைக் கிட்டோடு அனுப்பும். அது வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் வெட்டினால் வழுக்கைத் திட்டு தெரியும். மேல் முடியைத் தூக்கிக் கிளிப் போட்டுவிட்டு, பிடரியில் நான்கைந்து இடங்களில் சிறு கற்றைகளாக, தலைத்தோலை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். வேர்ப்பக்கத்து 3 முதல் 4 செ.மீ. மட்டும்தான் தேவை, மீதி நீளத்தை நறுக்கி எறிந்துவிட வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. அந்தத் துண்டு கடந்த மூன்று நான்கு மாதக் கணக்கு. நுனிப்பகுதி பழையது, அதில் ஷாம்புவும் தண்ணீரும் வெயிலும் ஏற்றியதுதான் அதிகம். நீள முடியை அப்படியே உறையில் திணித்து அனுப்பினால் லேப் எல்லாவற்றையும் சேர்த்தே கரைத்துவிடும். எந்தப் பகுதிக்கான எண் அது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எவர்சில்வர் கத்தரி, கழுவிக் காய்ந்த கை, எண்ணெய்ப் பசை இல்லாத தலை, காகித உறை இவை போதும். அலுமினியத் தாளில் சுற்ற வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. “டை அடித்திருந்தாலும் பரவாயில்லை” என்று மையத்தில் உறுதியாகச் சொன்னார்கள். அது தவறான தகவல். டை, பிளீச், பெர்மிங் (ரசாயனத்தால் முடியைச் சுருட்டுவது) மூன்றுமே முடியின் தாது அளவை மாற்றும். நரையைச் சிறிது சிறிதாகக் கருப்பாக்கும் சில டைகளில் ஈய அசிடேட் இருந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கான அனுமதியை விலக்கிக்கொள்ள முடிவெடுத்ததே 2018-இல்தான். அப்படி ஒன்றைப் பூசிய முடியில் ஈயம் ஏறித்தான் தெரியும், உடலில் ஈயம் இருக்கிறதா என்பதற்கு அது விடையே ஆகாது. பொடுகு ஷாம்புவும் இப்படித்தான். செலினியம் சல்பைடு உள்ளது செலினியத்தை ஏற்றும், ஜிங்க் பைரிதியோன் உள்ளது துத்தநாகத்தை ஏற்றும். நீச்சல் குளத்தில் பாசியைக் கொல்லப் போடும் செம்பு உப்பு முடியில் படியும். வெளிர்நிற முடி பச்சையாவதற்குக் காரணம் அந்தச் செம்புதான், பலர் நினைப்பதுபோல் குளோரின் இல்லை. உப்புத் தண்ணீரில் குளித்தால் கால்சியமும் மெக்னீசியமும் கூடும். ஷாம்புவை இன்று நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வெட்டினால் பயன் கிடையாது, ஏற்கெனவே வளர்ந்த முடியில் ஏறியது அங்கேயேதான் இருக்கும். புது வளர்ச்சி 3 செ.மீ. வரும்வரை காத்திருக்க வேண்டும், அதாவது மூன்று மாதமாவது.

சாம்பிளைக் கழுவுவீர்களா என்று லேபிடம் நேரடியாகக் கேளுங்கள். சில லேப்கள் அசிட்டோனாலும் தண்ணீராலும் கழுவிவிட்டு அளக்கின்றன, சில கழுவுவதே இல்லை. கழுவினால் வெளி அழுக்கோடு சோடியமும் பொட்டாசியமும் பெருமளவு போய்விடும். கழுவாவிட்டால் வெளி அழுக்கும் கணக்கில் வரும். ஆகவே இரு வகை லேப்களின் எண்களை ஒப்பிடவே கூடாது. அதன்பின் நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு தாதுவும் எவ்வளவு என்று காட்டும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் அளக்கிறார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் மில்லிகிராம் சதவீதத்தில் (100 கிராம் முடிக்கு இத்தனை மில்லிகிராம்) தருகின்றன, சில பி.பி.எம்.-இல் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). 1 மில்லிகிராம் சதவீதம் என்பது 10 பி.பி.எம். இதைக் கவனிக்காமல் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, “பத்து மடங்கு ஏறிவிட்டது” என்று பயமுறுத்திய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ‘மெதுவான வளர்சிதை மாற்ற வகை’, ‘சோடியம்-பொட்டாசிய விகிதம் கெட்டிருக்கிறது’ போன்ற பக்கங்களுக்கு மருத்துவ நோயறிதலின் பலம் கிடையாது. 2001-இல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே ஆரோக்கியமான ஆளின் முடியைப் பிரித்து ஆறு லேப்களுக்கு அனுப்பினார்கள். 12 தாதுக்களில் மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். சொன்ன உணவு ஆலோசனைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டன.

முடிப் பரிசோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசத்துக்கு அது உண்மையிலேயே நல்ல சாட்சி. ரத்தத்தில் உள்ளதைப்போல் சுமார் 250 மடங்கு முடியில் சேர்கிறது. 1971-72-இல் ஈராக்கில் பாதரச மருந்து தடவிய விதைக் கோதுமையை ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்களின் முடியைத் துண்டு துண்டாக அளந்து, எந்த மாதத்தில் எவ்வளவு விஷம் ஏறியது என்று கணித்தார்கள். நீண்டநாள் ஆர்செனிக் பாதிப்பிலும் முடி உதவும். ஆனால் ஆர்செனிக் கலந்த தண்ணீரிலேயே குளிப்பவர்களுக்கு வெளியே ஒட்டியதையும் உள்ளிருந்து வந்ததையும் பிரிக்க முடியாது.

அதிகம் எச்சரிக்க வேண்டியது ரிப்போர்ட்டோடு வரும் சப்ளிமெண்ட் பட்டியலைப் பற்றி. அதைப் பரிசோதனைக் கட்டணத்தோடு சேர்த்தே மையத்தில் விற்கப் பார்த்தார்கள். வாங்க மறுத்தால் ரிப்போர்ட்டை விளக்க மாட்டோம் என்றார்கள். தனியாக ரிப்போர்ட் மட்டும் தருவீர்களா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடியில் துத்தநாகம் சரியாக இருப்பதாகக் காட்டுவதும் ஏமாற்றலாம். கடுமையான குறைபாட்டில் முடி வளர்ச்சியே மந்தமாகி, இருப்பது செறிந்து, எண் இயல்பாகத் தெரியும். மறுபுறம், நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகத்தை மாதக்கணக்கில் விழுங்கினால் செம்பு உறிஞ்சப்படுவது தடைபட்டு ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். செலினியம் அளவு மீறினால் முடியே கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறதே என்று டெஸ்ட் எடுத்தவருக்குச் செலினியம் மாத்திரையை எழுதிக் கொடுப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

‘உலோகம் வெளியேற்றும்’ சிகிச்சைக்கு முடி ரிப்போர்ட்டை மட்டும் நம்பிச் சம்மதிக்கவே கூடாது. உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தான ஈ.டி.டி.ஏ.-வில், கால்சியம் சேராத டைசோடியம் வகையை ஏற்றியதால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து, குழந்தைகள் உட்பட உயிரிழந்திருக்கிறார்கள்.

நிராகரிக்கப்பட்ட சாம்பிளுக்கு மையத்தில் மறுபடி பணம் கேட்டார்கள். எடை குறிப்பிடாத அந்தத் தாளைப் படம் எடுத்து, மையத்தை விட்டுவிட்டு லேபுக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாவது சாம்பிளைக் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டார்கள். கொடுக்கும் எல்லாத் தாளையும் படம் எடுத்து வைத்திருங்கள்.

சந்தேகம் ஈயத்தின் மீது என்றால் கையின் சிரையிலிருந்து (ரத்தக் குழாயிலிருந்து) ஊசியால் எடுத்த ரத்தத்தில் பாருங்கள். இரும்புக்கு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்; முடி கொட்டுவதற்கு அதோடு முழு ரத்த எண்ணிக்கையும் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.-உம். ஆர்செனிக்குக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. அதற்கு முன் சில நாள் மீன், இறால், நண்டு, கடற்பாசி சாப்பிடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் சேர்மமும் மொத்தக் கணக்கில் ஏறிவிடும். சிறுநீர் தருவதற்கு முன் ‘உலோகத்தை இளக்கும்’ மாத்திரை ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த மாத்திரை யாருக்கும் எண்ணை ஏற்றிவிடும், ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான இயல்பு அளவும் அதற்குக் கிடையாது.