ஆடும் புரதத்துக்கு உருவம் கண்ட கதை

எங்கள் புரதத்தில் இரண்டு பகுதிகள். நடுவே தளர்ந்த, நீளமான ஒரு இணைப்பு. முதலில், புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளில் ஓட்டினோம். இரண்டு பகுதிகளுக்கும் பிஎல்டிடிடி (கணிப்பின் நம்பக மதிப்பெண், 100-க்கு) 90-க்கு மேல், இணைப்புக்கு 50-க்குக் கீழ். ஆனால் பார்க்க வேண்டியது பிஏஇ வரைபடம், அதாவது கணிப்பில் எதிர்பார்க்கும் இடப்பிழையின் படம். பகுதிகள் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பதில் ஆல்ஃபாஃபோல்டுக்கே உறுதியில்லை என்று அது வெளிப்படையாகக் காட்டிவிட்டது. வண்ணப் படத்தில் மயங்கி இதைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

சரி, உறையவைத்த புரதத்தை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுக்கும் க்ரையோ-இஎம்மில் பார்க்கலாம் என்று போனோம். திரவ ஈத்தேனில் உறையவைத்த கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சின்ன வலைத்தட்டு) புரதத் துகள்கள் எல்லாம் ஒரே வாக்கில் படுத்துக் கிடந்தன. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் ஒட்டிக்கொள்வதால் வரும் வழக்கமான தலைவலி இது. கொஞ்சம் சாப்சோ என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்து, கிரிட்டை 30 டிகிரி சாய்த்துப் படமெடுத்த பிறகே மற்ற பக்கங்கள் தெரிந்தன. அப்போதும் பெரிய பகுதி மட்டும்தான் தெளிவு. சின்னது வெறும் மங்கல்.

அடுத்தது குறுக்கிணைப்பு: அருகருகே வரும் அமினோ அமிலங்களை வேதிப்பொருளால் பிணைத்துப் பார்ப்பது. நாங்கள் போட்ட பிஎஸ்3 என்ற வேதிப்பொருள் இணைக்கும் இரண்டு லைசின் அமினோ அமிலங்களின் ஆல்ஃபா கார்பன்களுக்கு நடுவே சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் வரை இருக்கலாம். எங்களுக்குக் கிடைத்த சில குறுக்கிணைப்புகள் கணினி மாதிரியில் அதைவிட வெகுதூரம் போயின. இரண்டு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டதோ என்ற சந்தேகத்தில், ஜெல்லில் ஒற்றை மூலக்கூறுப் பட்டையை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) பார்த்தோம். அதே குறுக்கிணைப்புகள்! ஆக, பகுதிகள் நெருங்கித்தான் வருகின்றன. ஆனால் கரைசலில் எக்ஸ்-கதிர் சிதறலை அளக்கும் சாக்ஸ் தரவோ, புரதம் நீண்டு விரிந்திருக்கிறது என்றது.

இரண்டும் முரண் இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது. குறுக்கிணைப்பு மீளாத வினை; பகுதிகள் எப்போதாவது ஒரு கணம் நெருங்கினாலும் பிடித்துப் பூட்டிவிடும். சாக்ஸ் தருவது கரைசலில் உள்ள எல்லா மூலக்கூறுகளின் சராசரி.

அப்புறம் எல்லாவற்றையும் நிபந்தனைகளாக, பலவகைத் தரவுகளைச் சேர்த்து மாதிரி கட்டும் ஐஎம்பி மென்பொருளில் போட்டோம். ஈஸ்ட்டின் அணுக்கருத் துளையில் உள்ள 552 புரதங்களையும் 2018-ல் இப்படித்தான் அடுக்கிக் காட்டினார்கள். சில குறுக்கிணைப்புகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க ஒதுக்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. மூடிய, விரிந்த வடிவங்கள் கலந்த தொகுப்பு மட்டுமே அவற்றுக்கும் பொருந்தியது.

மதிப்பாய்வாளர் ஒருவர், “இதில் எதுதான் உண்மையான அமைப்பு?” என்று கேட்டார். முழுத் தொகுப்பையும் பிடிபி-ஐஎச்எம் என்ற பொதுத் தரவகத்திலும், சாக்ஸ் தரவை எஸ்ஏஎஸ்பிடிபி என்ற தரவகத்திலும் பதிந்து, அந்தப் பதிவு எண்களையே பதிலாக அனுப்பினோம்.