மூணாறு டீ மியூசியம் படங்களை விக்கியில் ஏற்றிய கதை

மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தேன். 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் குறும்பாதை ரயிலாகி, 1924 வெள்ளத்தோடு போன ரயில் அது. எழுத்து ஓடியது, படம்தான் இல்லை. மிஞ்சிய சக்கரம் ஒன்று நல்லதண்ணி எஸ்டேட் டீ மியூசியத்தில் இருக்கிறது. போய் எடுப்பது பெரிய காரியமில்லை. எடுத்ததை, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாமா என்று பார்ப்பதில்தான் வேலை இருந்தது.

காமன்ஸில் ஏற்றிய படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்றுக் காசும் பார்க்கலாம். அதனால் நான் எடுத்த படம் என்ற ஒன்று மட்டும் போதாது. படத்துக்குள் இருக்கும் பொருளில் வேறு யாருக்காவது உரிமை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மியூசியத்துக்குள் படம் எடுக்கலாமா, கேமராவுக்குத் தனிச்சீட்டா என்பதெல்லாம் அந்த இடத்தின் விதி. அதைக் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம். காப்புரிமை (காப்பிரைட்) அதிலிருந்து தனி. அவர்கள் எடுக்க விட்டார்கள் என்பதற்காகக் காப்புரிமைப் பிரச்சினை தீர்ந்துவிடாது.

ரயில் சக்கரமும், 1920-களில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் வேகத்தில் ஓடிய பெல்டன் சக்கரமும் வெறும் இயந்திரங்கள், அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. பெரியகானல் எஸ்டேட் பக்கம் கிடைத்த முதுமக்கள் தாழி கிறிஸ்துவுக்கு முந்தையது, வனைந்தவரின் பேரன் வந்து கேட்கப்போவதில்லை. 1913-இல் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்தின் கைத்தொழில் பள்ளியில் செய்த சூரியக் கடிகாரம் ஒன்றும் உண்டு. தென்பாண்டிச் சீமைக் கல்வேலை இத்தனை உயரத்தில் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு ஒரு பெருமை. அது பழசு என்பதோடு, 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் துணைக்கு வருகிறது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் சிற்பம், கைவினைப் பொருள் ஆகியவற்றைப் படமெடுத்து வெளியிடலாம் என்கிறது அது.

பலர் அந்தப் பிரிவை மட்டும் படித்துவிட்டு, மியூசியத்தில் இருப்பதெல்லாம் நமக்கே என்று கிளம்பிவிடுகிறார்கள். ஓவியம், வரைபடம், புகைப்படம் எதுவும் அந்தச் சலுகையில் சேராது. சுவரில் மாட்டிய எஸ்டேட் வரைபடத்தைப் பக்கத்தில் போய் எடுத்து ஏற்றினால், வரைந்தவரின் படைப்பை நகலெடுத்ததாகவே ஆகும். பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையும் அப்படித்தான். பெயர், ஆண்டு மட்டும் உள்ள சின்ன அட்டையில் யாரும் உரிமை கோர முடியாது. பத்தி பத்தியாக எழுதியது இலக்கியப் படைப்புக் கணக்கில் வந்துவிடும். ஆனால் பலகையில் உள்ள தகவல் யாருக்கும் சொந்தமில்லை. கருத்துக்கும் செய்திக்கும் காப்புரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இலேயே, தன் நாடகத்தைச் சினிமாவாக எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பலகைகளைப் போனில் எனக்காக மட்டும் எடுத்துவந்து, செய்தியைச் சொந்த வாக்கியங்களில் எழுதினேன். சக்கரத்துக்குப் பின்னால் பலகையின் ஓரம் தெரிந்த படங்களை வெட்டிச் சரிசெய்தேன்.

அப்புறம் சுவரில் இருக்கும் பழைய புகைப்படங்கள். 1958-க்கு முன் எடுத்தவற்றுக்கு அன்றைய சட்டப்படி நெகட்டிவ் உருவானதிலிருந்து 50 ஆண்டுகள்தான் காப்புரிமை. எடுத்தவர் யார், எந்த வருடம் என்று எங்கும் எழுதியில்லை. ஆனால் படத்தில் ரயில் ஓடுகிறதே! 1924 ஜூலைக்குப் பிறகு அந்த ரயிலை யாரும் படம்பிடித்திருக்க முடியாது. அப்படியானால் 1974-க்குள் உரிமை முடிந்துவிட்டது. காமன்ஸின் சர்வர் அமெரிக்காவில் இருப்பதால் அந்த நாட்டுக் கணக்கும் சரியாக வர வேண்டும். 1996-இல் அமெரிக்கா வெளிநாட்டுப் படைப்புகளுக்கு உரிமையை மீட்டுக் கொடுத்தபோது, சொந்த நாட்டில் அதற்கு முன்பே காலாவதியானவற்றைச் சேர்க்கவில்லை. இது இந்தியாவில் 1996-க்கு முன்பே காலாவதியான படம் என்பதால் அங்கேயும் தடையில்லை. படத்தை நேர்க்கோணத்தில் அப்படியே நகலெடுத்தால் எனக்கென்று அதில் புது உரிமை வராது என்பது காமன்ஸின் நிலைப்பாடு. கண்ணாடியில் விழுந்த டியூப்லைட் வெளிச்சத்தை மறைக்க முதுகுக்குப் பின்னால் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் சிரமம்.

மியூசியம் வேலை அதோடு முடிந்தது. எஸ்டேட் வாழ்க்கைக்கும் ஒரு படம் வேண்டுமென்று பஜாரில் உள்ள பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். 1970-களில் மாட்டுப்பட்டிப் பக்கம் மழையில் கொழுந்து பறிக்கும் பெண்களை எடுத்த படம் அங்கே சுவரில் இருக்கிறது. எடுத்தவர் காலமாகிவிட்டார், கடையை மகன் நடத்துகிறார்.

“தாராளமா எடுத்துக்கோ தம்பி, விக்கிக்குத்தானே” என்றார்.

“விக்கிக்கு மட்டும்னா செல்லாது அண்ணாச்சி. யார் வேணும்னாலும், வியாபாரத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம்னு நீங்க எழுதித் தரணும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ ரிசார்ட்டுக்காரன் போஸ்டர் அடிச்சு மாட்டினா?”

மாட்டலாம், ஆனால் உங்கள் அப்பா பெயரைப் போட வேண்டும், படத்தை மாற்றினால் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்றேன். அவருக்கு அது முழுத் திருப்தியில்லை. எனக்குமே, அந்தப் பெண்களிடம் யார் கேட்டார்கள் என்ற நினைப்பு ஓடியது. அதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. கடைசியில் அப்பா பெயர் வரும் என்பதற்காகவே ஒத்துக்கொண்டார்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டபடி எடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான் சொந்தம். 17-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நம் கல்யாண ஆல்பமும் இந்தக் கணக்குதான். அதனால் கொழுந்துப் படம் யாருக்காக எடுத்தது என்று துருவிக் கேட்டேன். அப்பா தன் ஆசைக்கு எடுத்தது, யாரும் காசு தரவில்லை என்றார். அப்படியானால் உரிமை வாரிசுகளுக்கு. போடியில் இருக்கும் தங்கைக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் அவரையும் சேர்த்தோம்.

அனுமதி மின்னஞ்சல் உரிமையாளரிடமிருந்தே போக வேண்டும். மாதிரி வாசகத்தை நான் தமிழில் சொல்லிக் காட்ட, இருவரும் அவரவர் முகவரியிலிருந்து காமன்ஸின் அனுமதிக் குழுவுக்கு அனுப்பினார்கள். கோப்புப் பெயரை அதில் குறிப்பிட மறக்கக் கூடாது, எந்தப் படம் என்று அவர்களுக்கு வேறெப்படித் தெரியும்? அந்தக் குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள், உடனே பதில் வராது. எடுத்தவர் நீங்கள் இல்லையே, உரிமை உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டுத் திரும்ப எழுதினார்கள். அப்பா இறந்த விவரமும், வாரிசுகள் தாங்கள் இருவர்தான் என்பதும் பதிலாகப் போனது. அதன்பிறகு படத்தின் பக்கத்தில் ஒப்புதல் எண் ஏறியது. எடுத்தவர் பெயர் தமிழில், இனிஷியலோடு, அண்ணாச்சி சொன்னபடியே இருக்கிறது.

ஸ்டுடியோ பெட்டியில் இன்னும் நிறைய நெகட்டிவ் கிடக்கிறது. ஃபேக்டரி உள்பக்கம், விளையாட்டு விழா, கங்காணிகள் வரிசையாக நிற்கும் குரூப் போட்டோ. முக்கால்வாசி எஸ்டேட் நிர்வாகம் பில் போட்டு எடுக்கச் சொன்னவை. அவற்றுக்கு அண்ணாச்சி அனுமதி தந்து பயனில்லை, நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். பழைய பில் புத்தகத்தைத் தேடச் சொல்லியிருக்கிறேன். எந்தப் படம் யார் கணக்கில் என்று தெரிந்தபிறகு கடிதம் எழுதலாம்.