மஸ்கெலியாவில் மழை குறைந்தால் அம்பத்தலையில் உப்பு

மலைத் தண்ணீரில் உப்பே இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்டு, நாக்குக்கு எட்டாத அளவில். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) வைத்தால் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தில்தான் நிற்கும். கடலில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு.

அந்த உப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் குளோரைட்டும் சோடியமும்தான். மக்னீசியமும் கல்சியமும் கூடவே இருப்பதால் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்துபோகும்.

கை மீட்டரைக் கடல்நீரில் அப்படியே விடாதீர்கள், பெரும்பாலானவற்றின் அளவெல்லை தாண்டிவிடும். 100 மில்லிலீற்றர் கடல்நீரோடு பற்றரிக்கு ஊற்றும் வடிநீரைச் சேர்த்து ஒரு லீற்றராக்கி அளந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலே மாட்டுக்கொட்டில் இருந்தால் 30 என்று காட்டும் தண்ணீரும் வயிற்றைக் கெடுக்கும்.

நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள வித்தியாசம் உண்மையில் வேலையைக் காட்டுவது எடையில். நன்னீர் லீற்றருக்கு ஏறக்குறைய 1000 கிராம், கடல்நீர் 1025. இந்த 25 கிராம் கொழும்பின் குடிநீரையே கெடுக்கப் போதும். மலையில் காசல்ரீ நீர்த்தேக்கம் கெசல்கமு ஓயாவில், மஸ்கெலியாப் பக்கத்து மவுஸ்ஸாக்கலை மஸ்கெலி ஓயாவில். இரண்டு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அதன் தண்ணீரைக் கொழும்புக்காக அம்பத்தலையில் எடுக்கிறார்கள். வறட்சியில் மேலேயிருந்து வரத்துக் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும், அதுவும் பாரம் என்பதால் அடியோடு ஆப்பு மாதிரி நுழையும். மேலே நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். மணல் அள்ளி ஆற்றுப்படுகையை ஆழமாக்கியது கடலுக்கு வழிவெட்டிக் கொடுத்த வேலை. அதனால்தான் அம்பத்தலையில் ஆற்றுக்குக் குறுக்கே உப்புத் தடுப்புப் போட வேண்டியிருக்கிறது.

ஆகவே முகத்துவாரத்துக்குக் கிட்ட கரையில் நின்று வாளியால் மொண்டு பார்த்து “நல்ல தண்ணீர்” என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவீர்கள். கழுத்தில் கல் கட்டிய போத்தலைத் தக்கையால் அடைத்து இறக்கி, அடியைத் தொட்டதும் தக்கையின் நூலை இழுங்கள். கடல் ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் தனித்தனியாக எடுக்க வேண்டும். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் நாக்குக்கு உப்புத் தட்டத் தொடங்கும். அப்படித் தட்டிய தண்ணீரைக் காய்ச்சிப் பயனில்லை. ஆவி போகும், உப்பு அதே சட்டியில் இன்னும் கெட்டியாகும்.