கட்டிலில் படுத்துப் பார்த்தால்

வீடு சுத்தம் செய்யும் குழு ஒன்றில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முன், போகிக்கு முன், அப்புறம் வாடகை வீடு மாறும்போது. பெரும்பாலும் இந்த மூன்று சமயங்களில்தான் கூப்பிடுவார்கள். உள்ளே போனதும் பாத்ரூம் டைல்ஸையும் கிச்சன் மேடையையும் காட்டுவார்கள். ஃபேனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நாங்களாகக் கேட்டால், "அதையும் அப்படியே ஒரு தொடை தொடைச்சிடுங்க" என்பார்கள். அந்த 'அப்படியே'வில்தான் எங்களுக்குப் பாதி நாள் போகும்.

சென்னைத் தூசி எல்லா ஏரியாவிலும் ஒன்றல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் ஈரத்தில் உப்பும் சேர்ந்து மாவு மாதிரி அப்பியிருக்கும். உலர்ந்த துணிக்கு அசையாது. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்குத் தோண்டத் தொடங்கியபின் ஆற்காடு சாலை ஓர வீடுகளில் சிமென்ட் நிறத்தில் நைசான பொடி. தட்டினாலே மேகமாகக் கிளம்பும். எங்கள் குழுவின் மூத்த அண்ணன் ராயபுரத்துக்காரர். 2011இல் நீதிமன்ற உத்தரவால் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை அவர் வீட்டு ஃபேனில் துடைத்த துணி கரித்துணியாகத்தான் வருமாம். "உங்க ஏரியாக்காரங்க தூசியெல்லாம் பவுடர்டா" என்று கிண்டல் செய்வார்.

'இவ்வளவு வேகமாகச் சுற்றுகிற றெக்கையில் தூசி எப்படி நிற்கிறது' என்று கேட்காத வீடே இல்லை. றெக்கையை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று அதோடு சேர்ந்தே நகர்கிறது. அந்தப் படலத்துக்குள் விழுந்த தூசியைக் காற்று அடித்துக்கொண்டு போவதில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்விளிம்பில்தான் தூசி வந்து மோதுகிறது, அங்கேதான் கறுப்பாகத் தடித்திருக்கும். அதோடு சமையலறை எண்ணெய்ப் புகையும் சேர்ந்துவிட்டால் பசை போட்ட மாதிரிதான். தாளிக்கிற இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் ஹால் ஃபேனைப் பார்த்தாலே அந்த வீட்டில் அப்பளம் எவ்வளவு பொரிகிறது என்று சொல்லிவிடலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அசோக் நகரில் ஒரு வீடு. ஸ்டூல் மேல் நின்று ஈரத்துணியால் றெக்கையை மேலிருந்து அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஆட ஆரம்பித்தது, தலையில் விழுந்துவிடுமோ என்று பயப்படும்படி. ஒரு றெக்கை வளைந்திருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சரிவராது என்று மூன்றையும் வாங்க வேண்டியதாகி, பணம் என் சம்பளத்தில் கழிந்தது. "றெக்கையைத் தொடுறதுக்கு முன்னாடி அடியில ஒரு கை குடுடா" என்றார் அண்ணன். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அவர் முறை எளிது. மெயினை அணைப்பது. கட்டிலின் மேல் பழைய பெட்ஷீட் விரிப்பது. பழைய தலையணை உறையை றெக்கையில் முழுசாக மாட்டி, அடியில் ஒரு கையைத் தாங்கக் கொடுத்து, மெதுவாக உருவுவது. தூசி உறைக்குள்ளேயே வந்துவிடும். அதன்பிறகுதான் சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணி. மோட்டார் பக்கம் ஈரமே கூடாது, அங்கே பெயின்ட் பிரஷ் போதும். ஃபேனை முடிக்காமல் தரையைத் தொட்டால் திட்டுவார். டியூப் லைட் பட்டை, கதவு நிலையின் மேல்பக்கம் எல்லாமும் தரைக்கு முன்தான். பீரோ மேலே நியூஸ்பேப்பர் விரித்துவிட்டு வருவோம். அடுத்த முறை துடைக்க வேண்டாம், தூசியோடு மடித்து எடுத்தால் போதும்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீடு. இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்த பாட்டி ஒருவர். அவர் அறையைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம், பெருக்கித் துடைத்தால் போதும் என்றார் மகன். உள்ளே போனதும் பாட்டி சொன்னது: "தம்பி, தரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த ஃபேனை முதல்ல பாரு. நாள் பூரா இதைப் பாத்துண்டுதான் கெடக்கேன். நடு றெக்கையில ஒரு நூலாம்படை தொங்கறது பாரு, சுத்தும்போது அது ஒரு வட்டம் போடறது."

நான் நின்ற இடத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவர் தலைமாட்டில் குனிந்து, தலையணை உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. நூலாம்படை மட்டுமா, மூன்று விளிம்பிலும் கறுப்புக் கோடு. அவரைக் கட்டிலோடு ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டு ஒரு மணி நேரம் அந்த ஒரே ஃபேனோடு மல்லுக்கட்டினேன். வெளியே மகன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளி, ரெகுலேட்டரை ஒன்றில் வைத்தேன். பாட்டி கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்து நின்றேன்.

"அந்த மேல் கப்புக்கும் சீலிங்குக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம் இருக்கு, தம்பி."

மறுபடி கட்டிலைத் தள்ளி, ஸ்டூலைப் போட்டேன்.