தலையசைப்பவர்களும் நிறுத்துபவர்களும்: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

ஜூன் 8, 2025, ஞாயிறு

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிகளுக்குக் கட்டணம் இல்லை. அதனால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் ஓரமாக ஒரு குறுகலான வழியை விட்டு, எல்லா வகை இருசக்கர வண்டிகளையும் அதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் புறப்பட்டு வரும் குழுக்களும், மாங்காய்ப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியில் நுழைவதைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஓர் எழுதாத சட்டம் நடக்கிறது. இரண்டு பக்கமும் பெட்டி பொருத்திய ஹிமாலயன் வண்டிக்காரர், எதிர்த் திசையில் வரும் இன்னொரு ஹிமாலயனுக்குத் தலையசைக்கிறார். புல்லட் புல்லட்டுக்கு அசைக்கிறது. டியூக் டியூக்கைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறது. வலப்பக்கம் போக்குவரத்து உள்ள நாடுகளில் இடது கையைத் தாழ்வாக நீட்டி வணக்கம் சொல்வது வழக்கம் என்பார்கள். நம் சாலையில் எதிர்வண்டி வலப்பக்கமாகக் கடக்கிறது. வலது கையோ ஆக்சிலரேட்டரில் இருக்கிறது. மிச்சமிருக்கும் இடது கையால் பெரியவர் ஒருவருக்கு வணக்கம் சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. ஆகவே இங்கே தலையசைப்புதான் நிலைத்திருக்கிறது.

ஸ்பிளெண்டர்காரர்கள் ஒருவருக்கொருவர் அசைத்துக்கொள்வதில்லை. அப்படி அசைக்கத் தொடங்கினால் ரவுண்டானாவிலிருந்து பழையபேட்டை போய்ச் சேர்வதற்குள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

ஜூன் 10, செவ்வாய்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. அலுவலகத்துக்கு நான் ஓட்டுவது ஒரு பழைய ஸ்பிளெண்டர். மற்றொன்று அப்பா வாங்கிய புல்லட். அதில் வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருக்கும். பழக்கமில்லாதவர் எடுத்தால், பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக் கியரை மாற்றிவிடுவார்.

ஒரே ஆள் இந்த இரண்டு வண்டிகளில் போகும்போது கிடைக்கும் மரியாதையில் உள்ள வேறுபாடு வேடிக்கையாக இருக்கிறது. புல்லட்டில் போனால் பெட்ரோல் பங்க் பையன் "ஃபுல்லா போடட்டுங்களா சார்?" என்று கேட்கிறான். ஸ்பிளெண்டரில் போனால் "எவ்ளோண்ணா?" என்கிறான். எக்ஸ்எல்லில் வந்த பெரியவரிடம் எதையும் கேட்காமலேயே நூறு ரூபாய்க்கு எண்ணை அழுத்திவிட்டுக் குழாயைக் கையில் எடுத்துக்கொள்கிறான்.

புல்லட்காரர்கள் எல்லோரும் ஒரே இனம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். உள்ளே வேறு கணக்கு இருக்கிறது. 1955-இல் சென்னையில், புல்லட் செய்யும் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்ட காலத்துக் கதையை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் பழைய வண்டிக்காரர்கள், பட்டனை அழுத்திக் கிளப்புகிறவர்களைப் பார்த்து மெல்லச் சிரிப்பார்கள். ஆம்பியர் முள்ளை நடுவில் நிறுத்தி, இஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரே மிதியில் இறக்கத் தெரிந்தவனே புல்லட்காரன் என்பது அவர்கள் எண்ணம். இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு என்றாலும், மழைநாள் காலையில் அலுவலகத்துக்கு நேரமாகும்போது அந்தப் பட்டனைப் போல ஒரு வரப்பிரசாதம் இல்லை என்றே தோன்றுகிறது.

இன்று மாலை புல்லட்டில் வந்தபோது, எதிரே புது புல்லட்டில் வந்த ஓர் இளைஞர் தலை நன்றாகத் தாழ அசைத்துவிட்டுப் போனார். அவர் எங்கள் தெருமுனையில் குடியிருப்பவர்தான். ஸ்பிளெண்டரில் போகும்போது இத்தனை நாளாக அவர் என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

வகை பார்க்காத மரியாதைகளும் இருக்கின்றன. சைடு ஸ்டாண்டை மடக்காமல் ஒருவர் கிளம்பினால், பின்னால் வருகிறவர் எந்த வண்டியில் வந்தாலும் கத்துவார்: "தம்பி, ஸ்டாண்டு!" பின்னிருக்கையில் இருக்கும் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தை நோக்கித் தொங்கினாலும் அதே குரல்தான். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. வண்டி அழகு கெட்டுவிடும் என்று அதைக் கழற்றிப் பரணில் போடுகிறவர்கள் பெரும்பாலும் விலை கூடிய வண்டிக்காரர்களே. அவர்களுக்கும் யாரோ ஒரு ஸ்கூட்டிக்காரர் கத்தத்தான் செய்கிறார்.

பகலில் விளக்கு எரிந்தால் எதிரே வருகிறவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவதும் அப்படி ஒரு பழக்கம்தான். 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரியும்படி சட்டமே வந்துவிட்டது. அணைக்க சுவிட்சும் இல்லை. இருந்தும் வயதானவர்கள் இன்றும் விரலைக் காட்டுகிறார்கள். இன்று காலை காவேரிப்பட்டணத்தில் ஒரு பெரியவர் தொடர்ந்து மூன்று வண்டிகளுக்குக் காட்டினார். மூவருமே சலிக்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

காவேரிப்பட்டணத்தைத் தாண்டிச் சாலை ஓரத்தில் ஒரு டியூக் நின்றிருந்தது. ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் அணிந்திருந்தான். உடன் வந்த கூட்டம் முன்னே போய்விட்டிருந்தது. பெட்ரோல் தீர்ந்த செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. பக்கத்தில் ஓர் எக்ஸ்எல் நின்றது. அதன் பின்னால் புல்லுக்கட்டு இருந்தது. அதன் உரிமையாளர் சாலையில் இறங்கிக் கையை நீட்டி என் ஸ்பிளெண்டரை நிறுத்தினார்.

"உங்களுது கார்ப்பரேட்டர் வண்டி தானுங்களே?" என்றார். ஆம் என்றதும், எடுக்கலாமா என்றுகூடக் கேட்காமல் குனிந்து பெட்ரோல் குழாயை உருவித் தண்ணீர் பாட்டிலில் பிடிக்கத் தொடங்கினார். அவர் என்னை நிறுத்தியதற்குக் காரணம் எளியது. 2020-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு எக்ஸ்எல்லிலும் எரிபொருளைப் பம்ப் வழியாகப் பீய்ச்சும் அமைப்பு வந்துவிட்டது. பழைய வண்டிகளைப்போல டேப்பைத் திருகிக் குழாயை உருவி அதிலிருந்து பெட்ரோல் எடுக்க முடியாது. மனம் இருந்தாலும் அவருடைய வண்டி கொடுக்காது. அதற்கும் முந்தைய எக்ஸ்எல் சூப்பர் என்றால் வேறொரு சிக்கல்: அதன் டேங்கில் 2டி ஆயில் கலந்த பெட்ரோல்தான் இருக்கும்.

இதற்கு முன்பு அவர் அந்த டியூக்கைத் தள்ளியும் பார்த்திருக்கிறார். நின்றுபோன வண்டியின் வலப்பக்கம் வந்து, இடது காலை அதன் ஃபுட்ரெஸ்டில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஸ்பிளெண்டரில் அந்த இடது கால்தான் கியரையும் போட வேண்டும். எக்ஸ்எல்லில் மாற்றக் கியரும் இல்லை, பிடிக்கக் கிளட்ச் லீவரும் இல்லை என்பதால் கால் சும்மா இருக்கிறது. ஆனால் 100 சிசிக்கும் சற்றுக் குறைவான இஞ்சின், புல்லுக்கட்டையும் சுமந்துகொண்டு மேட்டில் அந்த வண்டியைத் தள்ள முடியாமல் திணறிவிட்டதாம்.

வண்டி கிளம்பியதும் பையன் பர்ஸைத் திறந்து எக்ஸ்எல்காரரிடம், "எவ்ளோ தரணும்ணா?" என்றான். அவர் முகம் மாறிவிட்டது. "பெட்ரோலு அவருது. அவரைக் கேளு" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் புல்லுக்கட்டை இறுக்கத் தொடங்கினார். நான் வாங்கவில்லை. பையன் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அவனுடைய கூட்டத்தார் அவனைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஒழுங்காக நடக்கும் குழுக்களில் முன்னே ஒருவர் வழிகாட்டிப் போவார். கடைசியில் வருகிறவர், யார் நின்றாலும் தானும் நிற்பார். பள்ளம் இருந்தால் முன்னே போகிறவர் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்டுவார். ஆனால் அந்த அக்கறை தம் வரிசையோடு முடிந்துவிடுகிறது. அதே பள்ளத்தை நோக்கிப் பின்னால் வரும் எக்ஸ்எல் அவர்கள் கணக்கில் இல்லை. எதிரே வருபவருக்குத் தலையசைப்பவர்களையும் ஓரத்தில் நிற்பவருக்காக நிறுத்துபவர்களையும் இரு பட்டியலாக எழுதினால், இரண்டிலும் வரக்கூடிய பெயர்கள் சொற்பமே.

ஜூன் 18, புதன்

வேலையாக ஓசூர் போயிருந்தேன். டிவிஎஸ் 50 என்ற மொபெட் 1980-இல் இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. எக்ஸ்எல் அதன் வழிவந்த வண்டி. அதே நிறுவனம் பிஎம்டபிள்யூவுக்காக ஜி 310 வண்டிகளையும் ஓசூரிலேயே செய்தது. 2020-இல் நார்ட்டன் என்ற பழைய ஆங்கிலேய நிறுவனத்தையும் வாங்கியது. ஒரே ஊரில் பிறந்த எக்ஸ்எல்லும் 310-உம் சிக்னலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவும் ஆலை தொடங்கியபின், மின்சார ஸ்கூட்டர்கள் இந்த மாவட்டத்துச் சொந்த வண்டிகள்போல ஆகிவிட்டன. ஆனால் மற்றவர்கள் அவற்றை இன்னும் வண்டியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பதால் திடுக்கிட்டு, "ஆரன் அடிச்சிட்டு வரக்கூடாதா?" என்று திட்டுகிறார்கள். சார்ஜ் தீர்ந்து நின்றால் கொடுப்பதற்கு யாரிடமும் பாட்டிலில் எதுவும் இல்லை. தள்ளிவிட ஒரு கால்தான் உண்டு.

ஜூன் 21, சனி

அக்கா மகள் தருமபுரியிலிருந்து புல்லட்டில் வந்திருந்தாள். "தலையசைப்பாங்களா?" என்று கேட்டேன். "அசைப்பாங்க மாமா. அதுக்கு முன்னாடி ஓவர்டேக் பண்ணித் திரும்பிப் பாப்பாங்க" என்றாள். அவள் முந்திவிட்டால் அடுத்த மேம்பாலத்துக்குள் மறுபடி முந்தியாக வேண்டும் என்று புறப்படுகிறவர்களில் புல்லட், டியூக், ஸ்பிளெண்டர் என்ற பேதமே இல்லையாம். ஸ்கூட்டி ஓட்டிய நாட்களில் யாரும் துரத்தவில்லை. ஆனால் வழியும் விடவில்லை. சேலம் போகும் வழியிலுள்ள தொப்பூர் கணவாயில் மட்டும் எல்லோரும் ஒழுங்காகப் போவார்கள் என்றாள்: பின்னால் பிரேக் பிடிக்காத லாரி வருமோ என்ற பயத்தில், இறக்கம் முடியும்வரை யாரும் யாரையும் முந்துவதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

புல்லட்டின் கிளட்ச் கேபிள் பிரிபிரியாகிவிட்டதால் காலையிலேயே பழையபேட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் ஒரு டியூக் நின்றிருந்தது. மெக்கானிக் இரண்டையும் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, பால்கேனோடு வந்த எக்ஸ்எல்லைப் பிரித்தார். டியூக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான்தானேண்ணா மொதல்ல வந்தேன்?"

"நீ காத்திருப்ப தம்பி. பால் காத்திருக்குமா? சொசைட்டியில கேட்டை மூடிட்டா அந்தாளு கேனோட வீட்டுக்குத்தான் போவணும்."

டியூக்காரர் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். எக்ஸ்எல்லின் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்குள் இன்னொரு பால் வண்டி வந்து நின்றது. வலது கியர் புல்லட்டுக்கான கேபிள் கையிருப்பில் இல்லை, சேலத்திலிருந்து நாளைதான் வரும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டதால், சாவியைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் அலுவலகம் போனேன்.