எஃப் மதிப்பு 0.20 என்று வந்தால்: ஜவ்வாது மலைக் கரடிகளும் உட்கலப்புக் கணக்கும்

உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது, என்றால் என்ன என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாய்மாமனைக் கட்டியவருக்குப் பிறக்கும் குழந்தையின் உட்கலப்புக் குணகம், அதாவது எஃப், 0.125: ஒரு மரபணுவின் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு. அத்தை மகனைக் கட்டினால் 0.0625. வம்சாவளி தெரிந்தால் விரல்விட்டே எண்ணிவிடலாம். ஜவ்வாது மலைக் கரடிக்கு வம்சாவளி ஏது? எச்சத்தில் ஒட்டியிருக்கும் குடல் செல்லின் டி.என்.ஏ.தான் கதி.

எச்சம் சேகரிக்க, வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே காப்புக்காட்டில் கை வைக்க வேண்டும். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயில் பட்ட எச்சத்தில் டி.என்.ஏ. சிதைந்துபோயிருக்கும். உள்ளே இருக்கும் கொன்றைக்காய்ச் சக்கையும் கரையான் ஓடும் வேண்டாம். சளி படிந்த மேற்புறத்தைப் புதுக் குச்சியால் சுரண்டி, நான்கைந்து மடங்கு எத்தனாலில் போடுங்கள். பழச்சாறு பி.சி.ஆரை (டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் வினையை) முடக்கும், அப்போது டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

பத்து மைக்ரோசாட்டிலைட் இடங்களை (டி.என்.ஏ.வில் சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களை) பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு வடிவங்கள் இருக்கும்; அவையே அல்லீல்கள். அல்லீல்களின் விகிதப்படி, இரு அல்லீலும் வேறுபட்டிருக்க வேண்டிய அளவு 0.70, கண்டது 0.56. எஃப் = 1 − 0.56/0.70 = 0.20. தாய்மாமன் கணக்கையே தாண்டிவிட்டது! இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு 'கரடி இனம் அழிகிறது' என்று எழுதிவிடுகிறார்கள்.

நிதானம் வேண்டும். எச்சத்தில் டி.என்.ஏ. குறைவு. இரண்டு அல்லீல்களில் ஒன்று பி.சி.ஆரில் பெருகாமல் விடுபட்டால், வேறுபட்ட இடமும் ஒன்றுபட்டதாகத் தெரியும். வேறுபட்ட இடங்களில் 20% இப்படி விடுபட்டாலே 0.70 என்பது 0.56 ஆகிவிடும். கரடிகளுக்குள் உட்கலப்பே இல்லாமல் அந்த 0.20 முழுவதும் குழாய்க்குள் பிறந்ததாக இருக்கலாம். அதனால் ஒரே அல்லீல் தெரியும் இடத்தைக் குறைந்தது மூன்று முறை தனித்தனியாக ஓட்டுங்கள். அந்த 20% கணக்கில், மூன்று முறையும் அதே அல்லீலே விடுபடும் வாய்ப்பு சுமார் 0.2%தான். மோசமான மாதிரிக்கு ஏழு முறைகூடத் தேவைப்படும். செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிப்பது ஆய்வையே கெடுக்கும்.

அதற்கும் பிறகு மதிப்பு இறங்காவிட்டால், எங்கே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு மைக்ரோசாட்டிலைட்டில் மட்டும் என்றால் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டாத அல்லீல் காரணமாக இருக்கலாம். உண்மையான உட்கலப்பு எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும். ஒன்றோடொன்று கலக்காத இரு மலைகளின் கரடிகளை ஒரே கூட்டமாகச் சேர்த்தாலும் எஃப் பொய்யாக உயரும். ஜவ்வாதையும் ஏலகிரியையும் முதலில் தனித்தனியே கணக்கிடுங்கள்.

எஃப் பூச்சியம் என்றால் நிம்மதி என்றும் இல்லை. இனப்பெருக்கத்தில் உண்மையில் பங்கேற்பவை 25 அளவுக்கே இருந்தால், தலைமுறைக்கு 2% மரபணு வேறுபாடு கரையும். பத்துத் தலைமுறையில் சுமார் 18% போய்விடும். கூட்டத்துக்குள் இணை தற்செயலாகவே சேர்ந்துவந்தால் இந்த எஃப் அதைக் காட்டாது. அதைப் பிடிக்க முழு மரபணுத்தொகுதியைப் படித்து, தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள் இரண்டும் ஒரே மாதிரியாக இருக்கும் நீண்ட துண்டுகளை அளக்க வேண்டும். துண்டு நீளமாக இருந்தால் பெற்றோரின் உறவு சமீபத்தியது. எச்ச டி.என்.ஏ. இதற்குப் பெரும்பாலும் போதாது. சாலையில் அடிபட்டு இறந்த கரடியின் திசுவை, பிரேதப் பரிசோதனையின்போதே வனத்துறை மூலம் கேட்டு வாங்கி எத்தனாலில் வைத்துவிடுங்கள்.